பர்னஸ் காயில் பக்கத்தில் நின்றால் உடம்புக்கு ஆகாதா? கஞ்சிக்கோடு, கோவை பக்கம் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு ஸ்டீல் யூனிட்டில் வேலை, கம்பெனிப் பெயர் வேண்டாம். இத்தனை நாள் யார்டில் ஸ்க்ராப் பிரிக்கிற இடத்தில் இருந்தேன், இப்போது இண்டக்ஷன் பர்னஸ் (காயிலில் கரண்ட் விட்டு ஸ்க்ராப்பை உருக்குகிற உலை) பிளாட்பாரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். சம்பளம் கொஞ்சம் கூட, அதனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறின நாளிலிருந்து ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதை நம்புவது என்றே தெரியவில்லை.

காயிலில் இருந்து வரும் காந்தம் ரத்தத்தில் இருக்கும் இரும்பை உறிஞ்சிவிடும், அதனால்தான் பர்னஸ் ஆட்கள் வெளிறிக் கிடக்கிறார்கள் என்கிறார் ஒருவர். கல்யாணம் ஆகாத பையன்கள் அங்கே நிற்கக் கூடாது, பிறகு பிள்ளை தங்காது என்கிறார் இன்னொருவர். ஷிப்ட் முடிந்ததும் ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு வெல்லமும் சாப்பிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று கூட வேலை செய்யும் பீகார் பையன்களும் சொல்கிறார்கள், நம் ஆட்களும் சொல்கிறார்கள். இதை எல்லாம் சும்மா பேச்சு என்று தள்ளிவிடலாம் என்றால், எங்கள் லைனிங் (பர்னஸ் உள்பூச்சு) மேஸ்திரி இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தவர், ஓடுகிற பர்னஸ் விளிம்பில் குனிந்தபோது கொக்கி இருக்கும் இடத்தில் சுட்டுவிட்டது. மிளகு அளவு தழும்பு, நானே பார்த்தேன்.

போனில் காந்தம் அளக்கும் ஆப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் 40 காட்டுகிறது. பிளாட்பாரத்தில் ஒரு இடத்தில் 90, இரண்டடி தள்ளி நின்றால் 200, யார்டில் மேக்னட் கிரேன் ஸ்க்ராப் தூக்கும் இடத்தில் 600-ஐத் தாண்டிவிட்டது. இது நல்லதா கெட்டதா?

எனக்குத் தலைவலி இருக்கிறது. அந்த ஊளைச் சத்தம் ஏறும்போது மண்டைக்குள் ஏதோ போகிற மாதிரி இருக்கும். லீவு முடிந்து போகிற நாள் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வேறு வருகிறது, மறுநாள் சரியாகிவிடும். வீட்டில் மாசமாக இருக்கிறாள், நான் தினமும் இங்கே நின்றுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் படுத்தால் ஏதாவது ஆகுமா என்று அவள் அம்மா கேட்கிறார்கள்.

இன்னொன்று. யார்டில் ஸ்க்ராப் இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் மூத்த அண்ணன் ஒருவருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். ஓய்வு முடிந்து அடுத்த மாதம் வருகிறார், அதே இடத்தில்தான் போடப் போகிறார்களாம். சேஃப்டி ஆபீசரிடம் கேட்டதற்கு, "ஏய், ஒரு கொழப்பமும் இல்லா, எனிக்கு இத்ர வருஷமாயிட்டு ஒந்நும் வந்நில்லல்லோ" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சிறுவாணித் தண்ணி:

ப்ரோ, எங்க மாமா ஒரு சிப் ஸ்டிக்கர் விற்கிறார், ஹெல்மெட்டில் ஒட்டினால் ரேடியேஷன் 90 சதவீதம் இழுத்துக்கும். போன், இண்டக்ஷன் அடுப்பு எல்லாத்துக்கும் ஒட்டலாம். வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க.


பேனல்போர்டு:

மேலே இருப்பவர் மாமாவிடம் சொல்லுங்கள், அந்தக் காசுக்கு ஒரு குடம் மோர் வாங்கி ஷிப்டுக்குக் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும். ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை இது. காந்தப் புலம் செங்கல் சுவரையே தாண்டி வரும், ஈயத் தகடு வைத்தாலும் ஒன்றும் நிற்காது, நான்கு விரல் அகல ஸ்டிக்கர் என்ன செய்யும்?

வேலந்தாவளம் தம்பிக்கு வருகிறேன். நான் கோவையில் ஒரு பவுண்டரியில் எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ், பேனலும் கெபாசிட்டரும் காயிலும்தான் என் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த ரேடியேஷன் என்ற பேச்சை விடுவோம். எக்ஸ்ரே, அணு உலைச் சமாச்சாரம் எல்லாம் அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிற அளவு சக்தி உள்ளவை. காயிலில் இருந்து வருவது அந்த ஜாதியே கிடையாது. உங்கள் பர்னஸ் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) பக்கம் ஓடும், பேனலிலேயே காட்டும், பாருங்கள். அது மாறுகிற காந்தப் புலம், மாறுகிற காந்தப் புலத்துக்குள் மின்சாரம் கடத்துகிற எதை வைத்தாலும் உள்ளே மின்னோட்டம் சுற்றும். ஸ்க்ராப் உருகுவது அதனால்தான். வீட்டு இண்டக்ஷன் அடுப்பும் அதே வேலைதான், ஹெர்ட்ஸ் மட்டும் இன்னும் பல மடங்கு கூட. ரத்தத்தில் இருக்கிற இரும்பு ஆணி இரும்பு மாதிரி இழுபடாது, அந்தப் பயத்தை விடுங்கள். உடம்புக்குள்ளும் கொஞ்சம் மின்னோட்டம் தூண்டப்படும், எந்த அளவுக்கு மேல் போனால் நரம்பும் கண்ணும் உணர ஆரம்பிக்கும் என்பதை வைத்துத்தான் வரம்பு போட்டிருக்கிறார்கள்.

வரம்பு என்ன என்று கேட்பீர்கள். ஐசிஎன்ஐஆர்பி என்று ஒரு பன்னாட்டு அமைப்பு இருக்கிறது, 2010-ல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில் வேலை செய்பவர்களுக்கு 50 ஹெர்ட்ஸில் 1000 மைக்ரோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு, உங்கள் ஆப் காட்டுவதும் இதில்தான்), பொதுமக்களுக்கு 200. ஹெர்ட்ஸ் ஏற ஏற வரம்பு இறங்கும். 500 ஹெர்ட்ஸில் வேலை செய்பவருக்கு 600, 1000 ஹெர்ட்ஸில் 300. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், 1000 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பர்னஸுக்கும் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது உங்கள் ஆப். அந்த 40 என்பது பூமியின் காந்தம், நம் பக்கம் அவ்வளவுதான் இருக்கும். போனில் இருக்கிற சென்சார் திசைகாட்டிக்காக வைத்தது, அசையாத காந்தத்தை அளக்கும், நொடிக்கு 500 தடவை முன்னும் பின்னும் போய் வருகிற புலம் அதற்குப் புரியாது. பிளாட்பாரத்தில் 90-ம் 200-ம் காட்டியது பெரும்பாலும் சுற்றி இருக்கிற ஆங்கிள், பீம், செக்கர்டு பிளேட் இவற்றில் ஏறியிருக்கிற காந்தம். பர்னஸ் ஃபுல் பவரில் ஓடும்போதும் நிற்கும்போதும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள், காயிலைப் பற்றி அந்த ஆப் உருப்படியாக ஒன்றும் சொல்லாது என்று புரியும். ஆனால் யார்டில் 600 காட்டியதே, அது வேறு. லிஃப்டிங் மேக்னட் டிசி, அசையாத காந்தம், அங்கே உங்கள் ஆப் சொன்னது ஏறக்குறைய நிஜம். சாதாரண ஆளுக்கு அந்த 600 ஒரு பொருட்டே இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அப்படி இல்லை. அசையாத காந்தத்தில் 500 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருக்கும் இடத்தில் இந்த மாதிரி கருவி வைத்தவர்களை விடக் கூடாது என்று ஐரோப்பாவில் 2013-ல் விதியே போட்டிருக்கிறார்கள். ஆக, நீங்கள் பயந்து நிற்கிற இடம் பிளாட்பாரம், நிஜமாகப் பார்க்க வேண்டிய இடம் நீங்கள் விட்டு வந்த யார்டு.

அரைஞாண் விஷயம் நிஜம்தான், ஆச்சரியமே இல்லை. இடுப்பைச் சுற்றி மூடிய வளையம், வளையம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மின்னழுத்தம் அதில் தூண்டப்படும், கொக்கி சரியாகச் சேராத இடத்தில் எதிர்ப்பு அதிகம், சூடு அங்கேதான் இறங்கும். மோதிரம், காப்பு, கழுத்துச் செயின், மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வெள்ளியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் மேஸ்திரி ஏன் பவர் ஓடும்போது விளிம்பில் குனிந்தார் என்பதுதான் என் கேள்வி. சாம்பிள் எடுக்க, டெம்பரேச்சர் பார்க்க, ஸ்லாக் (மேலே மிதக்கும் கசடு) வழிக்க என்று குனிகிற நேரத்தில் பவரை இறக்கிவிட்டால் அந்தப் புலமும் போய்விடும், தெறித்தாலும் குறைவாகத் தெறிக்கும். காயிலை விட்டு விலக விலக புலம் சரசரவென்று இறங்கும், ஒரு மீட்டரும் இரண்டு மீட்டரும் ஒன்று கிடையாது. பெரிய ஸ்டீல் ஃபிரேம் பர்னஸில் காயிலைச் சுற்றி யோக் என்று லாமினேஷன் (மெல்லிய இரும்புத் தகடு) கட்டு வைத்திருப்பார்கள், புலம் வெளியே கசியாமல் அது பிடித்துக்கொள்ளும். அலுமினியப் பெட்டி மாதிரி இருக்கிற சின்ன பர்னஸில் அது இருக்காது, கசிவு கூட இருக்கும். உங்களது எது என்று பாருங்கள்.

அந்த ஊளைச் சத்தம் காயில் அதிர்வதால் வருவது, 500 ஹெர்ட்ஸ் ஓடினால் அதிர்வு அதற்கு இரட்டிப்பாக 1000-ல் கேட்கும், காதுக்கு ரொம்பவே உறைக்கிற சுருதி. மண்டைக்குள் போவது அந்தச் சத்தம்தான். காதடைப்பான் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்கவில்லை ஆனால் சொல்லாமல் விட முடியாது. உருகின இரும்பில் கம்பியை விடும்போது கையில் சுருக்கென்று அடிக்கிறதா? நிறையப் பேர் அதையும் காந்தம், ரேடியேஷன் என்று பேசிக்கொண்டு கையுறையை இரண்டு மாட்டிக்கொண்டு போகிறார்கள். அது எர்த் லீக்கேஜ், கரண்ட் தரைக்குக் கசிவது. பர்னஸ் அடியில் இருந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய எர்த் கம்பிகள், ஸ்பைடர் என்போம், அது அறுந்திருக்கலாம் அல்லது லைனிங் தேய்ந்து உலோகம் காயிலை நெருங்கியிருக்கலாம். காயிலுக்குள் தண்ணீர் ஓடுகிறது. உலோகம் காயிலைத் துளைத்து அந்தத் தண்ணீரைத் தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை சுருக்கென்றாலும் பவர் ஆஃப், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அவ்வளவுதான்.


ஷிப்ட்நர்ஸ்:

பேனல்போர்டு அண்ணா நன்றாகச் சொன்னார். நான் தொழிற்சாலை ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் ரொம்ப நாள் இருந்தவள், இப்போது பாலக்காட்டில் வேறு இடம். தம்பியின் உடம்பு விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

லீவு முடிந்து போகிற நாளில் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வந்து மறுநாள் போய்விடுகிறது என்றீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் நான் கேட்க நினைத்தது, உங்கள் ஸ்க்ராப்பில் கால்வனைஸ்டு ஷீட், பழைய தகரக் கூரை, ஜிஐ பைப் எல்லாம் வருகிறதா? அது உருகும்போது வெள்ளையாகப் புகை கிளம்புமே, அது துத்தநாகப் புகை. அதை மூச்சில் இழுத்துச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, வாயில் ஒரு மாதிரி உலோக ருசி, தாகம், நடுக்கம், காய்ச்சல் எல்லாம் வரும். ஒன்று இரண்டு நாளில் தானாகப் போய்விடும். தினமும் இழுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும், இரண்டு நாள் லீவில் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்பிப் போகிற அன்று மறுபடி அடிக்கும். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே இதற்குப் பெயர் உண்டு. எத்தனையோ பேர் இதை மலேரியா, வைரல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, காந்தம் வேலையைக் காட்டுகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், என்ன புகை என்பதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

பாலும் வெல்லமும் வயிற்றுக்குப் போகிறவை, புகை போவது நுரையீரலுக்கு. சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் புகை உறிஞ்சும் ஹூட்டை ரிப்பேர் பண்ணாமல் விட்டால் அது ஏமாற்று.

தலைவலிக்கு வருவோம். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயில், அதன் மேல் பர்னஸ் சூடு, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? நைட் ஷிப்ட் வேறு. லேடிலுக்கு (உருகின இரும்பை ஏந்துகிற பெரிய பாத்திரம்) சூடு காட்டுகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு வந்தால் அதற்கு மணமே கிடையாது, தலைவலிதான் முதல் அறிகுறி. இத்தனை காரணம் வரிசையில் நிற்கும்போது காந்தத்தை முதலில் பிடிப்பது சரியில்லை. மின்காந்தப் புலம் பட்டால் தலைவலி வருகிறது என்று சொல்பவர்களை வைத்து, புலம் இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாமல் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005-ல் அப்படிப்பட்ட 31 சோதனைகளை, மொத்தம் 725 பேர், ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். புலம் இருப்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடிகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. வலி பொய் என்று அர்த்தம் கிடையாது, வலி நிஜம், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

குழந்தை விஷயம். ஆண்களுக்கு விந்தணு குறைவதற்கு நன்றாகத் தெரிந்த காரணங்களில் ஒன்று சூடு. மணிக்கணக்கில் பர்னஸ் முன்னால் நிற்பவர்கள் பயப்பட வேண்டியது அதற்கு. புது அணுக்கள் உருவாகி வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், அதனால் சூட்டில் இருந்து விலகினால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். உங்கள் மனைவி பற்றி அத்தை கேட்டதற்குப் பதில், காந்தப் புலம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. தூசி வரும். ஸ்க்ராப்பில் பெயிண்ட், ஈயம் என்று என்னென்னவோ இருக்கும், அதனால் கம்பெனியிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போங்கள், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

புற்றுநோய் என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2002-ல் கரண்ட் லைன் மாதிரியான குறைந்த அதிர்வெண் காந்தப் புலத்தை 2பி என்ற வகையில் வைத்தது, இருக்கலாம் என்ற சந்தேக வகை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளை வைத்து அப்படிச் சொன்னார்கள். ஆசிய நாடுகளில் உப்பில் ஊறப்போடும் காய்கறியும் அதே 2பி-யில்தான் இருக்கிறது. நைட் ஷிப்ட் அதற்கும் ஒரு படி மேலே, 2ஏ. வெல்டிங் புகை முதல் வகை. இரும்பு, எஃகு வார்ப்பு வேலையே முதல் வகையில் இருக்கிறது, அதாவது புற்றுநோய் வரும் என்று உறுதியானது, நுரையீரல்தான் முக்கியம். இந்தப் பட்டியலில் எது மேலே இருக்கிறது, நம் ஆட்கள் எதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்களே பாருங்கள்.


கொழிஞ்சாம்பாறை அக்கா:

எல்லோரும் பயப்படாதே பயப்படாதே என்கிறீர்கள், ஒரு பக்கம் சரிதான், ஆனால் பயப்பட வேண்டிய மெஷினும் இருக்கிறது.

நான் முன்பு ரெயின்கோட், பைல் கவர் எல்லாம் தைக்கிற, தைக்கிற என்ன, ஒட்டுகிற ஒரு சின்ன யூனிட்டில் இருந்தேன். பிளாஸ்டிக் ஷீட் இரண்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலே இருந்து பித்தளை அச்சு இறங்கி ஒட்டிவிடும். ஹைஃப்ரீக்வென்சி மெஷின் என்போம். 27 மெகாஹெர்ட்ஸ் என்று பிளேட்டில் போட்டிருக்கும். பர்னஸ் மாதிரி பெரிதாகவும் இருக்காது, சத்தமும் வராது, சூடும் தெரியாது, அதனால் பெண் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். அச்சில் இருந்து ஒரு சாண் தூரத்தில் முகமும் நெஞ்சும். மிதிக்கும்போது மேஜையின் இரும்பு விளிம்பில் முழங்கை பட்டால் ஊசி குத்தினது போல் சுடும், வெளியே சின்ன வெள்ளைப் புள்ளி, உள்ளே புண் ஆறப் பல நாள் ஆகும். விரல் நுனியெல்லாம் சாயங்காலம் மரத்துப் போன மாதிரி இருக்கும். மெஷினைச் சுற்றி இருந்த தகரத் தடுப்பை மெட்டீரியல் வைக்க இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நாங்கள் அங்கே எதைப் பார்த்துப் பயந்தோம் தெரியுமா, எதிர்வீட்டு மாடியில் வந்த செல்போன் டவரை! அதை எடுக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மெஷினைப் பற்றி ஒருத்தி வாய் திறக்கவில்லை.


பேனல்போர்டு:

அக்கா சொன்னது மிகச் சரி, அந்த மெஷினை நான் மறந்தே போனேன் பாருங்கள். மின்காந்தப் புலத்தில் வரம்பைத் தாண்டுகிற மெஷின் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கினது அதுதான். பர்னஸ் அதிர்வெண்ணில் உடம்புக்குள் மின்னோட்டம் தூண்டப்படுவதுதான் பிரச்சினை, 27 மெகாஹெர்ட்ஸில் சதையே உள்ளுக்குள் சூடாகும். கழற்றின தடுப்பைத் திரும்ப மாட்டி, எர்த்திங்கை அகலமான செம்புப் பட்டையில் கொடுத்து, ஆளை ஒரு கை தூரம் பின்னால் உட்கார வைத்து, பக்கத்தில் இருக்கிற இரும்பு மேஜைக்கு மரப்பலகை போட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அதே மாதிரி வெல்டிங் பையன்கள், கேபிளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் கழுத்தை ஒட்டி ஓடும். கேபிளைக் கீழே விடுங்கள், போகிற கேபிளையும் திரும்புகிற கேபிளையும் சேர்த்தே ஓட்டுங்கள், இரண்டின் புலமும் ஒன்றையொன்று பெரும்பாலும் ரத்து செய்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உடம்பு இருக்கக் கூடாது. ஸ்பாட் வெல்டிங்கிலும் இதே கதைதான்.


மஞ்சள்ஹெல்மெட்:

நானும் ஒரு சேஃப்டி ஆபீசர்தான், எல்லையின் இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு யூனிட். அந்தக் கஞ்சிக்கோடு சாரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அவருக்கு மீட்டர் கிடையாது, பட்ஜெட் கிடையாது, ஆடிட்டில் இதைக் கேட்பதும் கிடையாது. "தெரியாது" என்று சொன்னால் தொழிலாளி முன்னால் மதிப்புப் போய்விடும் என்று "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுகிறார். அதுதான் தப்பு. ஒன்றும் இல்லை என்பதை அளந்துவிட்டுச் சொல்ல வேண்டும், எண்ணைக் காட்டிச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை தொழிலாளிக்கு எண் புரியாது என்பது நாமாக நினைத்துக்கொள்வது. பில்லட் வெயிட்டையும் ஓவர்டைம் கணக்கையும் கிராம் பிசகாமல் போடுகிறவனுக்கு வரம்பு 600, அளந்தது 80 என்பது புரியாதா?

செல்போன் டவருக்கு 2012 செப்டம்பரில் நம் நாட்டில் அனுமதியைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். ஊர் முழுக்க அதற்குப் போராட்டம் நடந்தது. தொழிற்சாலைக்குள் எவ்வளவு என்று கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை.

அப்புறம் போர்டு. எங்கள் யூனிட்டில் பர்னஸ் படியில் "இதயக் கருவி பொருத்தியவர்கள் மேலே வரக் கூடாது" என்று போர்டு இருந்தது, ஆங்கிலத்தில். மேலே ஏறுகிறவர்களில் பாதிப் பேர் ஒடியா, பெங்காலி, பீகார். உங்கள் பக்கம் மலையாளத்திலும் இருக்கும், அது தமிழ் ஆட்களுக்கும் உதவாது. இதயத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம் ஒன்று இருக்கிறது, அதை மாட்டினோம், ஒரு மெக்கானிக் வந்து, "சார், எனக்கு நெஞ்சில் மெஷின் இருக்கு, சொன்னா வேலை போயிடும்னு சொல்லல" என்றார். இதுதான் விஷயம். வேலை போய்விடும் என்ற பயம் காந்தப் பயத்தை விடப் பெரியது. அவரைப் பேக்கிங் பக்கம் மாற்றினோம், சம்பளத்தில் கை வைக்கவில்லை, அதை எழுத்தில் வாங்கிக் கொடுத்தோம்.

யார்டு அண்ணன் விஷயத்தில் இதைத்தான் கேளுங்கள், வேலையை விட்டு எடுக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள் என்று. காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் இதயத் துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும், விலகினால் பழையபடி ஆகும். ஷாக் கொடுக்கிற ஐசிடி வகை என்றால் இன்னும் மோசம், தேவைப்படும் நேரத்தில் ஷாக் கொடுக்காமல் இருந்துவிடும். எந்த வகை, எந்த மாடல் என்று அவரிடம் ஒரு கார்டு இருக்கும்.


வேலந்தாவளம்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தகர ஸ்க்ராப் வருகிறது நர்ஸ் அக்கா, போன வாரம் முழுக்க அதுதான். ஹூட் இருக்கிறது, மோட்டார் எரிந்து கிடக்கிறது. கம்பியில் சுருக்கென்று அடிப்பதும் உண்டு, பக்கத்து ஷிப்ட் ஆள் சொன்னான், நாங்கள் காந்தம் என்றுதான் நினைத்தோம். இன்றே எலக்ட்ரிகல் போர்மேனிடம் சொல்லிவிட்டேன், வந்து பார்க்கிறேன் என்றார்.

யார்டு அண்ணனிடம் பேசினேன், கார்டு இருக்கிறதாம், ஆனால் இடமாற்றம் கேட்டு வாங்க வெட்கப்படுகிறார். அளக்கச் சொல்லி யாரிடம் எழுதிக் கொடுப்பது? யூனியனில் சொல்லலாமா? கோவையில் புகார் கொடுத்தால் இங்கே செல்லுமா?


மஞ்சள்ஹெல்மெட்:

கோவையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு வாளையார் எல்லை தாண்டிப் போகச் சொல்வார்கள். உங்கள் யூனிட் கேரளம், அதனால் அங்கே ஃபாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறை. ஆனால் முதலிலேயே அங்கே போக வேண்டாம். யூனியன் ஆள் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு சேஃப்டி கமிட்டியில் எழுத்தில் கொடுங்கள், அங்கே மினிட்ஸில் ஏறும். பாதுகாப்புத் தகவலைக் கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை, பழைய ஃபாக்டரீஸ் சட்டத்திலேயே 111-ஏ பிரிவு அதற்குத்தான் இருந்தது. கடிதத்தில் காந்தம், ரேடியேஷன், பயமாக இருக்கிறது என்று எழுதாதீர்கள், படித்துவிட்டுச் சிரித்துத் தள்ளிவிடுவார்கள். ஹூட் மோட்டார் ஓடவில்லை, எர்த் லீக்கேஜ் டிடெக்டர் கடைசியாக எப்போது டெஸ்ட் பண்ணினார்கள், பிளாட்பாரத்திலும் மேக்னட் கிரேன் அடியிலும் புலம் எவ்வளவு, பேஸ்மேக்கர் வைத்தவர் எந்த இடம் வரை போகலாம் என்று கேள்வியாக எழுதுங்கள். பதில் வந்தாக வேண்டும்.

யார்டு அண்ணன் வெட்கப்பட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்த ஆஸ்பத்திரியில் வேலை இடத்தைப் பற்றிச் சொல்லி ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள், அவர் வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முன்னாலேயே அது கமிட்டி கையில் இருக்க வேண்டும்.


பேனல்போர்டு:

அளக்க ஆள் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள் தம்பி. மீட்டர் மூன்று திசையும் அளப்பதா, எத்தனை ஹெர்ட்ஸ் வரை படிக்கும் என்று கேளுங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மீட்டரைக் கொண்டு வந்து 500 ஹெர்ட்ஸ் பர்னஸை அளந்துவிட்டு எல்லாம் ஓகே என்று கையெழுத்துப் போட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பர்னஸ் ஃபுல் பவரில் ஓட வேண்டும், சாயங்காலம் பீக் அவர் என்று பவரைக் குறைத்து ஓட்டுகிற நேரத்தில் அளந்தால் பிரயோஜனம் இல்லை. ஆள் நிற்கிற இடத்தில், குனிகிற உயரத்தில், பஸ்பார் (கரண்ட் போகிற தடித்த உலோகப் பட்டை) பக்கத்தில், பேனல் ரூம் நாற்காலியில், இந்த இடங்களில் எல்லாம் எடுக்கச் சொல்லுங்கள். யார்டில் டிசி மேக்னட்டுக்கு வேறு மீட்டர் வேண்டும், அதையும் கொண்டு வரச் சொல்லி முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதற்கு இன்னொரு நாள் வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

போர்மேன் ஸ்பைடரைப் பார்த்தாரா?


வேலந்தாவளம்காரன்:

பார்த்தார் அண்ணா. இரண்டு கம்பி அறுந்திருக்கிறது. பர்னஸை நிறுத்தியிருக்கிறார்கள், லைனிங் உடைத்துப் புதிதாக அடிக்கப் போகிறார்களாம். மேனேஜர் புரொடக்ஷன் போச்சே என்று கத்திக்கொண்டிருக்கிறார். ஹூட் மோட்டாருக்கும் இதே சமயத்தில் ரீவைண்டிங் கொடுத்துவிடலாம் என்று போர்மேனே சொல்லிவிட்டார், கடிதம் நாளைக்கு யூனியன் அண்ணனோடு உட்கார்ந்து எழுதுகிறோம்.